பசீர் பாயின் பதைப்பு

ஊத்துக்குளியிலிருந்து காலை ரயிலில் திருப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களில் பசீர் அகமதுவைத் தெரியாதவர்கள் குறைவு. அதற்குக் காரணம் பெருமைப்படும்படியானது அல்ல. ஜன்னலோரம் இடம் கிடைத்து நிம்மதியாக உட்கார்ந்த மனிதர், வண்டி கிளம்பப் போகிற நேரத்தில் விருட்டென்று எழுந்து இறங்கிவிடுவார். வீட்டில் கேஸ் அடுப்பை மூடினார்களா இல்லையா என்று சந்தேகம் வந்திருக்கும். ஒருமுறை திருப்பூர் வரை போய்விட்டு, அடுத்த வண்டியைப் பிடித்துத் திரும்பி வந்து, செருப்பைக்கூட கழற்றாமல் சமையலறை வாசலில் மூச்சிரைக்க நின்றார்.

அவர் மனைவி சைதுன்னிசா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"கேஸ மூடுனது நாந்தானுங்களே? நீங்க அடுப்புப் பக்கமே வரலியே?"

"மூடுனியான்னு பாக்கத்தான் வந்தேன்."

"பாத்தாச்சுங்களா?"

"பாத்தாச்சு."

"அப்ப இன்னீக்கு அரை நாள் லீவு."

அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் அயர்னிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்வது வேலை. நாற்பது பேர் வரிசையாக மேஜைகளில் நின்று நீராவிப் பெட்டியால் டீ-ஷர்ட்டுகளைத் தேய்ப்பார்கள். பதினேழு வருஷத்தில் அவர் செக்‌ஷனிலிருந்து ஒரு சட்டை கருகி வெளியே போனதில்லை. ஒரு ஆள் கையைச் சுட்டுக்கொண்டதில்லை. முதலாளிக்கு அவரைப் பிடிக்கும். அவரோடு வேலை செய்கிறவர்களுக்குத்தான் தலைவலி. பெட்டியை நிமிர்த்தி வைத்தாயா, வயரை மிதிக்காதே, தரையில் தண்ணீர் கிடக்கிறது துடை என்று நாள் முழுக்க பின்னாலேயே வருவார்.

அவருக்குச் சின்ன வயதில் ஏதோ பயங்கரம் நடந்திருக்க வேண்டும் என்று சிலர் பேசிக்கொண்டார்கள். அப்படி எதுவும் இல்லை. தீ விபத்தோ திருட்டோ சாலை விபத்தோ அவர் வாழ்க்கையில் எட்டிப் பார்த்ததேயில்லை. ஆறு வயதிலேயே வீட்டு ஆடுகளைப் பட்டியில் அடைத்த பிறகு மூன்று தடவை எண்ணிவிட்டு வருவாராம். ஐந்து வேளையும் தொழுவார். தொழுகிற நேரம் மட்டும் அந்தப் பதைப்பு அடங்கும். முடித்து எழுந்ததும் வாசலில் செருப்பு இருக்கிறதா என்று கண் தேடும்.

மகன் யாசின் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரிக்கல் முடித்து ஒரு நிட்டிங் ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்த பிறகு பதைப்பு இரண்டு மடங்கானது. மின்சாரத்தோடு வேலை. மகனுக்கு மொபைல் வாங்கிக் கொடுத்தார். காலை, மதியம், மாலை என்று கூப்பிட்டார். எடுக்காவிட்டால் ஃபேக்டரி ஆபீசுக்கே கூப்பிட்டார். 2007 வைகாசியில் மழை பெய்த ஒரு நாள், கம்பெனியில் சொல்லிக்கொண்டு கிளம்பி, குடையோடு போய் யாசினின் ஃபேக்டரி கேட்டில் நின்றுவிட்டார். வாட்ச்மேன் உள்ளே போய், "உங்கப்பா வந்திருக்காருங்க. ஈரக் கையோட சுவிட்சைத் தொடுறீங்களான்னு பாத்துட்டு வரச் சொன்னாரு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாசின் தன் துணிகளை ஒரு பெட்டியில் அடுக்கினான். திருப்பூரிலேயே நான்கு பேரோடு ரூம் எடுத்திருப்பதாகச் சொன்னான். நைட் ஷிஃப்ட் இருக்கிறது, போய் வருவது சிரமம் என்றான். பசீர் ரூமில் எத்தனை ஜன்னல், கதவுக்குத் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்று கேட்டார். யாசின் பெட்டியைத் தூக்கினான்.

அவன் போன பிறகு சைதுன்னிசா சொன்னாள்: "நைட் ஷிஃப்ட்டுக்காகப் போகலீங்க அவன். உங்க கிட்டயிருந்து போயிருக்கான்."

பசீர் அன்று மாலை முழுக்க கொல்லைப்புறத்தில் முன்னும் பின்னும் நடந்தார். மகனுக்கு என்ன ஆகுமோ என்று இத்தனை நாள் பயந்தார். மகனே தன்னைக் கண்டு ஓடுவான் என்பது மட்டும் அவர் பயந்து வைத்திருந்த பட்டியலில் இல்லை.

கம்பெனியில் அவருக்கு ஒரே கூட்டாளி கன்னையன். குன்னத்தூர்க்காரர், பாய்லரைப் பார்த்துக்கொள்கிறவர். அயர்னிங் செக்‌ஷனுக்குச் சுவரை ஒட்டி அடுத்த பக்கம்தான் பாய்லர் ரூம். விறகைப் போட்டு எரிய விட்டு, நாற்பது பெட்டிக்கும் நீராவி அனுப்ப வேண்டும். கன்னையன் எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர். மோட்டார்சைக்கிள் நடுவழியில் நின்றுபோனால் வண்டிமேலேயே உட்கார்ந்து வேர்க்கடலை தின்பார். பசீரின் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர், "பாய், நாயத்துக்கெழம என்கூட வாங்க" என்றார்.

அவிநாசி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று ஞாயிறு நடக்கும் மனப் பயிற்சி வகுப்பு. கன்னையனின் மைத்துனர் அதற்கு நாற்காலி போடுகிறவர். கோயம்புத்தூரிலிருந்து வந்த பயிற்சியாளர் சட்டைக் காலரில் மைக்கைச் செருகிக்கொண்டு மேடையில் நடந்து நடந்து பேசினார். நடப்பதை நம்மால் மாற்ற முடியாது, பார்க்கிற விதத்தை மாற்றலாம், சந்தோஷம் அதில்தான் இருக்கிறது என்றார். கவலை வரும்போது உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த நிமிஷம் எனக்கு என்ன குறை?

பசீர் எழுந்து நின்றார். முந்நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏனுங்க, அடுப்ப மூடுனமான்னு நெனைக்காம இருந்தா மனசு நல்லாருக்கும்ங்கறீங்க. மூடாம இருந்தா என்னங்க பண்றது?"

கூட்டம் சிரித்தது. பயிற்சியாளர் சிரிக்கவில்லை. "உங்க வாழ்க்கையில எத்தனை தடவை மூடாம இருந்திருக்கு?"

பசீர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "ஒருக்காலும் இல்லீங்க."

"எத்தனை தடவை திரும்பிப் போய்ப் பாத்திருப்பீங்க?"

பசீர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். உட்கார்ந்தார்.

அந்தக் கணக்கு அவர் மண்டைக்குள் போய்விட்டது. இத்தனை வருஷ ஓட்டம், ஒரு தடவைகூட நடக்காத ஒன்றுக்காக. அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. கவலைப்பட்ட அதே கருத்தோடு கவலைப்படாமல் இருக்கப் பழகினார். ரயிலில் பதைப்பு எழும்போது இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டு, "இந்த நிமிஷம் என்ன குறை?" என்று உதட்டுக்குள் சொல்வார். முதல் வாரம் வியர்த்துக் கொட்டியது. எதிரே உட்கார்ந்திருந்தவர் நெஞ்சு வலியா என்று கேட்டார். ஒரு மாதத்தில் சீட்டைப் பிடிக்காமல் உட்கார முடிந்தது. இரண்டு மாதத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார். தண்டவாளத்தை ஒட்டி ஒரு இடத்தில் வேலி முழுக்க சங்குப் பூ படர்ந்து கிடந்தது. வீட்டுக்கு வந்து சைதுன்னிசாவிடம் அதைச் சொன்னார். கல்யாணமான இருபத்தைந்து வருஷத்தில் அவர் வாயிலிருந்து பூவைப் பற்றி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

யாசினை வாரம் ஒரு முறை மட்டும் கூப்பிட்டார். "நல்லாருக்கியா? சரி, வெக்கட்டா?" அவ்வளவுதான். மூன்றாவது வாரம் யாசினே கூப்பிட்டு, "அத்தா, உங்களுக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டான். அதற்கடுத்த ஞாயிறு வீட்டுக்கு வந்தான். பிரியாணி சாப்பிட்டுவிட்டு வாசலில் அப்பாவோடு உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தான். பேச்சு முழுக்க ஃபேக்டரி மெஷின்களைப் பற்றி. பசீர் ஒரு இடத்தில்கூட "ஜாக்கிரதை" என்று சொல்லவில்லை. நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினார்.

அயர்னிங் செக்‌ஷனில் முத்துப்பேச்சி என்ற பெண் ஒருத்தி இருந்தாள். தெற்கத்திப் பக்கத்திலிருந்து வந்தவள், வாய் கொஞ்சம் நீளம். "பாய்க்கு என்னட்டி ஆச்சு, ஒரு வாரமா நம்மள வையவே இல்லியே" என்று பக்கத்து மேஜைக்காரியிடம் சொல்லிச் சிரித்தாள். பசீரும் சிரித்தார்.

ஏழு மாதம் இப்படிப் போனது. அந்த ஏழு மாதமும் அவர் சந்தோஷமாக இருந்தார். அது நடிப்பில்லை.

2008 தை மாதம். பெரிய ஆர்டர், கப்பலுக்குப் போக வேண்டிய தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. பாய்லரில் தண்ணீர் குறைந்தால் அடிக்கிற மணி ஒன்று உண்டு. கரண்ட் ஏறி இறங்கும்போதெல்லாம் அது சும்மாவே அடித்து வேலையைக் கெடுத்ததால், அதன் வயரைக் கழற்றிவிடச் சொல்லியிருந்தார் மேனேஜர் சரவணக்குமார். ஷிப்மென்ட் போகட்டும், சரி பண்ணிக்கலாம் என்றார். கன்னையன் டீ குடிக்கும்போது போகிற போக்கில் இதை பசீரிடம் சொன்னார். பழைய பசீராக இருந்தால் டீயை அப்படியே வைத்துவிட்டு மேனேஜர் ரூமுக்குப் போயிருப்பார். தினமும் போய் நின்று உயிரை எடுத்திருப்பார். அன்று, "இந்த நிமிஷம் என்ன குறை?" என்று கேட்டுக்கொண்டு டீயைக் குடித்து முடித்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாடு முடிந்து எல்லோரும் மேஜைக்கு வந்திருந்தார்கள். வேலை மும்முரம். பசீருக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றியது. என்னவென்று பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் புரிந்தது. பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் சில நிமிஷத்துக்கு ஒரு முறை ஓடி நிற்கும். சுவரைத் தாண்டி அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். இப்போது அது கேட்டு வெகு நேரமாகிவிட்டது.

தண்ணீர் குடிக்கப் போகிறவர் மாதிரி வெளியே வந்தார். பாய்லர் ரூம் கதவு திறந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்க்கக் கழுத்து திரும்பியது. வேண்டாம் என்று சொல்லிக்கொண்டார். எட்டிப் பார்த்தால் மறுபடி பழைய ஆள் ஆகிவிடுவோம் என்று பயந்தார். கன்னையன் இருப்பார், அவர் பார்த்துக்கொள்வார். இந்த நிமிஷம் என்ன குறை? நடந்து போனார். பத்து அடி இருக்கும். தண்ணீர்க் குழாயைத் திறந்தார். கையில் தண்ணீர் விழுந்தது. குழாயை மூடாமலே திரும்பி ஓடினார்.

பாய்லர் ரூமில் யாரும் இல்லை. விறகு இறக்குகிற ஆள் வரவில்லை என்று கன்னையனைப் பின்பக்கம் டிராக்டரிலிருந்து விறகு இறக்க அனுப்பியிருந்தார்கள். தண்ணீர் மட்டம் காட்டுகிற கண்ணாடிக் குழாயில் தண்ணீரே தெரியவில்லை. மோட்டார் சூடு ஆறிக் கிடந்தது. உள்ளே தீ மட்டும் தகதகவென்று எரிந்துகொண்டிருந்தது.

தீக்குக் காற்று ஊதுகிற விசிறியை நிறுத்தினார். பக்கத்தில் குவித்திருந்த ஈரச் சாம்பலை மண்வெட்டியால் அள்ளித் தீயின்மேல் போட்டார். நடுவில் கதவுக்கு வந்து, "எல்லாம் வெளிய போங்க! போட்டது போட்டபடி போங்க!" என்று கத்தினார். பாய் கத்துவது புதிதில்லை என்று பாதிப் பேர் அசையவில்லை. முத்துப்பேச்சிதான் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏ, வாங்கட்டி!" என்று பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். அவள் ஓடியதும் மற்றவர்கள் ஓடினார்கள்.

சத்தம் கேட்டுக் கன்னையன் வந்து சேர்ந்தார். கண்ணாடிக் குழாயைப் பார்த்ததும் நேராகப் போய்க் கையால் தண்ணீர் விடுகிற வால்வைப் பிடித்தார்.

பசீர் அவர் கையை இரண்டு கையாலும் பற்றினார். "உடாதீங்க! காஞ்ச இரும்புல தண்ணி பட்டா வெடிச்சிரும்! உடுங்க கைய!"

கன்னையன் வால்வை விடவில்லை. பயத்தில் அவர் கை அதோடு ஒட்டிக்கொண்டது மாதிரி இருந்தது. பசீர் ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். பிறகு இரண்டு பேருமாகச் சாம்பலை அள்ளி அள்ளிப் போட்டுத் தீயை அமுக்கினார்கள். பெட்டிகளுக்கு நீராவி போகிற வழியை அடைத்துவிட்டு வெளியே ஓடி வந்தார்கள்.

பாய்லர் வெடிக்கவில்லை. மெல்ல மெல்ல ஆறியது. மறுநாள் வந்து சோதித்தவர், இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தாலோ, தண்ணீரைத் திறந்திருந்தாலோ அந்தச் சுவரும் அதற்கு அப்பால் நின்றவர்களும் இருந்திருக்க மாட்டார்கள் என்றார். பாய்க்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று எல்லோருக்கும் ஆச்சரியம். பாய்லரைச் சோதிக்க வருஷா வருஷம் வருகிறவரைப் பிடித்து வைத்துக்கொண்டு, தண்ணீர் தீர்ந்தால் என்ன ஆகும், அப்போது என்ன செய்யக் கூடாது என்று பதினேழு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த மனிதர் அவர்.

முதலாளி பொன்னாடை போர்த்தினார். நாற்பது பேரும் கை தட்டினார்கள். "பாயோட பயந்தான் நம்ம உயிரக் காப்பாத்துச்சு" என்று எல்லோரும் சொன்னார்கள். பழைய கேலி போய் மரியாதை வந்தது.

அவருடைய கெட்ட காலம் அங்கேதான் ஆரம்பித்தது.

தன் பதைப்பு வீண் என்று நம்பித்தான் அவரால் அதை விட முடிந்தது. இப்போது அது வீண் இல்லை என்று ஊரே கை தட்டிச் சொல்லிவிட்டது. பத்து அடி நடந்து போனோமே என்பதை அவரால் மறக்கவே முடியவில்லை. அந்தப் பத்து அடியைப் பற்றி யாரிடமும் சொல்லவும் இல்லை. கேஸ், கதவு, வயர், ரயில் என்று எல்லாம் திரும்பி வந்தன, முன்னைவிட மோசமாக. முன்பு திட்டவாவது ஆள் இருந்தது. இப்போது அவர் திரும்பி ஓடினால், "போய்ப் பாத்துட்டே வாங்க பாய், நல்லதுதான்" என்றார்கள். யாசினுக்கு மணிக்கொரு முறை கூப்பிட்டார். எடை குறைந்தது. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

கன்னையன் கதை வேறு மாதிரி ஆயிற்று. அந்த மனிதர் பாய்லருக்குப் பக்கத்தில் போகவே நடுங்கினார். ஒரு நாள் டீக்கடையில் இரண்டு பேரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றார்கள்.

"உங்கள அந்த வகுப்புக்குக் கூட்டிட்டுப் போனது நாந்தானுங்க பாய். அது தப்புங்களா?"

"தப்பில்லீங்க. ஏழு மாசம் நல்லாத்தான் இருந்தேன்." பசீர் டீயைப் பார்த்துக்கொண்டே, "அன்னீக்கு நான் கதவத் தாண்டிப் போயிட்டனுங்க. போயிட்டுத்தான் திரும்பி வந்தேன்" என்றார்.

கன்னையன் அவரைப் பார்த்தார். "நான் பாய்லர உட்டுப்போட்டு வெறகு எறக்கப் போனவன். கேட்டாங்க, போயிட்டேன். ஒரு வார்த்த, முடியாதுங்கன்னு சொல்லல."

"மணி வயரக் கழட்டுனது தெரிஞ்சும் நான் சும்மா இருந்தேன்."

"கழட்டுனதே நாந்தானுங்க."

இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தங்கள் குற்றத்தைச் சொல்லிக்கொண்டே போனார்கள். சொல்லச் சொல்ல பசீருக்கு ஒன்று உறைத்தது. இத்தனை தவறிலும் வருவது தாங்கள் இருவர் மட்டும்தான். நாற்பது பேர் நிற்கிற இடத்தில் பாய்லரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு ஆள். அந்த ஆள் பார்க்கிறாரா என்று கவலைப்பட இன்னும் ஒரே ஒரு ஆள். அவ்வளவுதான் ஏற்பாடு. டீயை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

சரவணக்குமார் முதலில் பிடி கொடுக்கவில்லை. "அதான் மோட்டாரு புதுசு போட்டாச்சே பாய். நீங்களும் இருக்கீங்க."

"நான் இருக்கறதுதானுங்க தப்பு" என்றார் பசீர். "எனக்குக் காச்ச வந்தா என்னுங்க பண்ணுவீங்க? மணிய மாட்டணும். பாய்லருக்கு ரெண்டாவது ஆள் வேணும். எங்க செக்‌ஷன்ல ஆளுக்கு ஒரு மணி நேரம்னு மொற வெச்சு, தண்ணி மட்டத்தப் பாத்து செவுத்துல எழுதணும். அது வரைக்கும் எங்க பொட்டி சூடாகாதுங்க."

அவர் பின்னால் முத்துப்பேச்சியும் இன்னும் பத்துப் பதினைந்து பேரும் வந்து நின்றிருந்தார்கள். அடுத்த ஷிப்மென்ட் தேதி சரவணக்குமாரின் மேஜைக் காலண்டரில் சிவப்பு வட்டத்தில் இருந்தது. அன்று சாயங்காலமே மணியை மாட்டினார்கள். இரண்டாவது ஆள் வர மூன்று மாதம் ஆனது, அதற்கும் பசீர் நாலு தடவை போய் நிற்க வேண்டியிருந்தது.

முறை வைத்த முதல் வாரம், யார் போய்ப் பார்த்துவிட்டு வந்தாலும் அவர்கள் பின்னாலேயே போய் மறுபடி பார்த்தார். இரண்டாவது வாரம் முத்துப்பேச்சி சண்டைக்கு வந்துவிட்டாள். "நான் பாத்தது கண்ணா புண்ணா பாய்? எனக்கு உசுரு வெல்லமில்லையா? நானும் அந்தச் செவுத்துக்கு இந்தப் பக்கந்தான நிக்கேன்?" அவள் சொன்னது பசீருக்கு உண்மையிலேயே புதுச் செய்தி. தன்னைத் தவிர மற்றவர்களுக்கும் பயம் உண்டு என்று அவர் எண்ணிப் பார்த்ததே இல்லை. அன்று மூன்று மணி முறைக்கு அவள் எழுந்து போனாள், திரும்பி வந்தாள், பெட்டியைக் கையில் எடுத்தாள். பசீர் இருந்த இடத்தை விட்டு எழவில்லை. நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். நாலு மணி முறைக்குப் போன ஆளையும் பின்தொடரவில்லை.

வீட்டில் சைதுன்னிசாவிடம் அந்தப் பத்து அடியைச் சொன்னார். அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "ஏனுங்க, இத இத்தன மாசம் தனியாவா வெச்சிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். யாசின் வந்தபோது அவனிடமும் சொன்னார். யாசின் தன் ஃபேக்டரியிலும் பேனல் போர்டை இரண்டு பேர் சேர்ந்துதான் திறக்க வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கியிருப்பதாகச் சொன்னான். தினமும் ஏழு மணிக்குத் தானே கூப்பிடுகிறேன், அதற்கு முன்னால் நீங்கள் கூப்பிடக் கூடாது என்றான். சில நாள் அவன் ஏழே காலுக்குக் கூப்பிட்டான். அந்தக் கால் மணி நேரம் பசீருக்குக் கொடுமைதான். ஆனாலும் கூப்பிடாமல் இருந்தார்.

2009-ல் யாசினுக்குக் கல்யாணம். ஊத்துக்குளியிலேயே மண்டபம். பசீர் காலையிலிருந்து சமையல்கட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் வாசலுக்குமாக அலைந்தார். தண்ணீர் வண்டி வந்ததா, மாப்பிள்ளை வீட்டார் மண்டபத்துக்கு வரும் வழியில் ரயில்வே கேட் மூடியிருக்கிறதா என்று எல்லோரையும் கேட்டார். நாம்தானே மாப்பிள்ளை வீட்டார், எல்லாரும் வந்தாச்சு என்று சைதுன்னிசா சொன்ன பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

பந்தியில் கன்னையன் கேட்டார்: "பாய், இப்பவாவது மனசு நிம்மதியா இருக்குதுங்களா?"

பசீர் கேள்வியை ஒதுக்காமல் கொஞ்சம் யோசித்தார். "இந்த நேரம் இல்லீங்க. அடுப்புல அந்த ரெண்டாவது பிரியாணி தேக்சா ஒரு பக்கமா சாஞ்சாப்பல இருக்குது. ஆனா காலைல இருந்து ஒரு மூணு தடவ இருந்துச்சுங்க."

"மூணு தடவையா?" கன்னையன் இலையிலிருந்து தலையை நிமிர்த்தினார். "அதுவே நெறையத்தானுங்களே பாய்!"

பசீர் அவருக்கு இன்னொரு கரண்டி பிரியாணி வைக்கச் சொல்லிவிட்டு, தேக்சாவைப் பார்க்கச் சமையல்கட்டுக்குப் போனார்.